பதினான்காவது பை

மதியம் 12.49.

ஆல்டன் ருஸ்டாட் இறந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸில் வந்த பெண் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள்.

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விருந்துக்கு வந்த எண்பது பேர் இருந்தார்கள். யாரும் அழவில்லை. இந்த ஊரில் அழுவதற்கு வீடு இருக்கிறது.

துணை ஷெரிஃப் கிரெட்டா லிண்ட் படியிறங்கி வந்தபோது மணி 12.56. ஆல்டனின் நாற்காலிக்கு அடியில் ஒரு மரப்பலகை குப்புறக் கிடந்தது. பேனா முனையால் அதைத் திருப்பினாள். அவர் வேலை பார்த்த தானியக் கிடங்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பலகை. 'முப்பது ஆண்டுகள். பாதுகாப்பான பணி.'

மேசைமேல் அவர் சாப்பிட்ட தட்டு இருந்தது. பட்டாணி தீர்ந்திருந்தது. ரொட்டி பாதி. சீஸ் போட்ட உருளைக்கிழங்கில் ஒரு துண்டு மிச்சம். ஆறி, கேக் போல இறுகியிருந்தது.

கிரெட்டா தட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, முத்திரை ஒட்டினாள். பிறகு சமையலறைக்குப் போனாள். அங்கே எல்லாம் பளபளவென்று இருந்தது. மெதுவாக வேகவைக்கும் மின்பானைகளான ஸ்லோ குக்கர்கள் கழுவி வரிசையாகக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

"யாராவது எதையாவது தொட்டீங்களா?"

"தொடலம்மா. கழுவினோம், அவ்வளவுதான்" என்றாள் லவோன். எழுபது வயது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"கழுவினீங்களா?"

"ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆச்சு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? பதினாலு பானை கிடந்துச்சு. பையை உருவினோம், குப்பையில போட்டோம். பானையை ஒரு அலசு. முடிஞ்சுது. போன வருஷம் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தேய்ச்சேன், தெரியுமா? இந்த வருஷம் ஆர்டிஸ் ஆளுக்கொரு சூடு தாங்கற பிளாஸ்டிக் பை குடுத்துட்டா. பானைக்குள்ள விரிச்சு மேல சமைச்சா ஒட்டவே ஒட்டாது. அவ புண்ணியம்."

"எல்லாரும் பை போட்டாங்களா?"

"வெர்லாவைத் தவிர. அவ மாட்டா. 'அடி ஒட்டின பொறுக்குலதான் ருசியே இருக்கு, அதையும் பை தின்னுடும்'னுவா. இதோ பாரு, சிங்க்ல ஊறுது. மிச்சத்தை எல்லாம் சிங்க்குக்கு அடியில கழிவு அரைக்கற கிரைண்டர்ல தள்ளிட்டுத்தான் ஊற வெச்சேன். அரை மணி ஆச்சு. போச்சா பாரு."

கிரெட்டா பார்த்தாள். வட்டமான பழைய பானை. அடியில் கறுப்பாக ஒரு வளையம். சோப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தண்ணீரில் கரண்டிகள், கத்திகள், வேறு நாலு பானைகளின் மூடிகள். அதில் இனிமேல் எதைச் சோதித்தாலும் அர்த்தமில்லை.

"ஆர்டிஸோட பானை எது?"

"அந்த நீள்வட்டம். ஹாம், பன்னியிறைச்சி வெச்சிருந்தா. 'விடு லவோன், என் பானையை நானே பாத்துக்கறேன்'னு ஓடி வந்தா. நான் விடுவேனா? மகனைப் பறிகுடுத்தவ. அவ கையில ஒரு வேலைகூட மிச்சம் வைக்க மாட்டேன் நான். ரெட்டைப் பை போட்டிருந்தா. விருந்துக் கமிட்டித் தலைவி இல்லையா, அவளுக்கு எல்லாமே ஒரு பங்கு கூடத்தான்."

---

1.20.

ஆல்டனுக்கு வேர்க்கடலை ஆகாது; ஒரு துணுக்கு உள்ளே போனாலே மூச்சு அடைத்துவிடும். ஊருக்கே தெரியும். அதனால் விருந்துகளில் அவர் மனைவி வெர்லா சமைத்துக் கொண்டுவருவதை மட்டும்தான் சாப்பிடுவார். அதுவும் வேறு யார் கரண்டியும் படுவதற்கு முன்பு அவருடைய தட்டு எடுத்து வைக்கப்படும்.

வெர்லா பாஸ்டரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. செருப்பில் புழுதி. கணவனின் ஊசி மருந்தை எடுக்க வண்டிக்கு ஓடியவள்.

"தட்டை எத்தனை மணிக்கு எடுத்து வெச்சீங்க?"

"பதினொண்ணே முக்காலுக்கு. அலுமினியத் தாளால மூடி, பேர் எழுதி ஒட்டி, அடுப்பு மேல வெச்சேன்."

"எப்போ குடுத்தீங்க?"

"பன்னெண்டு பத்து. ஜெபம், பேச்சு, பலகை குடுத்தது, எல்லாம் முடிஞ்சப்புறம்."

"நடுவுல சமையலறையில யார் இருந்தா?"

"எல்லாரும் கூடத்துலதான். காபி எடுக்கப் போறவங்க போனாங்க, வந்தாங்க." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "முப்பத்தாறு வருஷமா என் வீட்டுக்குள்ள வேர்க்கடலை வந்ததில்ல. பேரப்பிள்ளைங்ககூட வாசல்ல கை கழுவிட்டுத்தான் உள்ள வரும். இந்தத் தடவை வேற சீஸ் பாக்கெட். லேபிளைப் படிச்சேன். படிச்சேன்னுதான் நினைக்கிறேன். கிரெட்டா, நான் படிச்சேனா?"

கொலை செய்தாயா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். இவளோ, செய்துவிட்டேனா என்று அவளிடமே கேட்கிறாள்.

"வியாழக்கிழமை உங்க வீட்டுல சண்டையாமே?"

"யார் சொன்னா?"

"பக்கத்து வீடு."

வெர்லா கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "அந்தப் பலகையை வாங்க வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன்?"

"அவருக்கு மேடை ஒத்துக்காது."

அது பொய் என்று கிரெட்டாவுக்குத் தெரிந்தது. எதை மறைக்கிறது என்றுதான் தெரியவில்லை.

---

2.05.

பள்ளிக்கூடச் சமையல்காரி வேர்க்கடலைச் சோதனைப் பட்டைகள் ஆறு கொண்டுவந்து கொடுத்தாள். கிரெட்டா உருளைக்கிழங்குத் துண்டைப் புதிய கத்தியால் பிளந்து, நடுவிலிருந்து ஒரு துளி எடுத்துக் கரைத்தாள். ஐந்து நிமிடத்தில் பட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

ஷெரிஃப் டுவைன் கோல்ஸ்டாட் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மேலே தூவினதா?"

"இல்ல சார். உள்ள வரைக்கும் இருக்கு. சேர்த்தே வேக வெச்சிருக்காங்க."

"இன்னிக்கு உருளைக்கிழங்கு எத்தனை பேர் கொண்டுவந்தாங்க?"

"வெர்லா மட்டும்."

"அப்புறம் என்ன லிண்ட்? அவ பானை, அவ சமையல், அவ போட்ட தட்டு, வியாழக்கிழமை சண்டை. மறதியா வேணும்னேவான்னு வக்கீல் பாத்துப்பார். நாலு மணிக்கு நான் அவளை மாவட்டத் தலைமையகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க சார்."

"எதுக்கு?"

அவளுக்கே தெரியவில்லை. தட்டில் ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத பெண் அவள். இப்போது விடையும் தெரியாமல் கை தூக்கிவிட்டாள்.

"காபி குடிக்க" என்றாள்.

"அது நியாயம்" என்றார் ஷெரிஃப்.

---

2.30.

ஆர்டிஸ் பிரெக்கே கூடத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உயரமான பெண். அறுபதை நெருங்கும் வயது. அவளுக்குப் பின்னால் சுவரில், ஞானஸ்நானத்தை உறுதிசெய்துகொண்ட பிள்ளைகளின் படங்கள். இரண்டாம் வரிசையில் அவள் மகன் கோரி. மூன்று வருடத்துக்கு முன்பு, பத்தொன்பது வயதில், கிடங்கின் மக்காச்சோளக் குதிருக்குள் இறங்கியவனைத் தானியம் உள்ளே இழுத்துக்கொண்டது. உடம்பில் கட்டும் பாதுகாப்பு வார் சுவரில் தொங்கியது, பையன்தான் மாட்டிக்கொள்ளவில்லை என்று மேற்பார்வையாளர் விசாரணையில் சொன்னார். அந்த மேற்பார்வையாளர் ஆல்டன். அடுத்த ஈஸ்டரில் ஆர்டிஸ் பலிபீடத்துக்கு முன்னால் அவரை மன்னித்துக் கை கொடுத்தாள். சபையே பார்த்தது.

"வெர்லா எப்படி இருக்கா?" என்று அவளே கேட்டாள்.

"தன்னாலதான் ஆச்சுன்னு நினைக்கிறாங்க."

ஆர்டிஸின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த நாற்காலியை மடித்தது. "பாவம். போன மாசம்தான் ஆபரேஷன் ஆச்சு. ஒரு வாரம் நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தேன்."

"இன்னிக்கு உங்க ஹாம் எப்படி?"

"மோசமில்ல."

"கடைசி ரெண்டு மேசைக்கும் கிடைக்கலையாம்."

"பசியா வந்திருப்பாங்க."

"பேச்சு நடக்கும்போது சமையலறையில இருந்தீங்களா?"

"காபிக்கு ரெண்டு தடவை போனேன். லவோனும் போனா. இங்க வராத மெத்தடிஸ்ட் சபைக்காரங்களைத் தவிர எல்லாரும் போனாங்க." அவள் சிரிக்கவில்லை. "வேற ஏதாவது கேக்கணுமா? இன்னும் நாப்பது நாற்காலி இருக்கு."

கிரெட்டா படியேறினாள். பாதியில் நின்றாள்.

ஹாம் தீர்ந்துபோனது.

இந்தக் கூடத்தில் எந்தப் பாத்திரமும் காலியானதில்லை. கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி ஒன்றை எடுப்பார்கள். அடுத்தவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார். அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். சமைப்பவர்களும் அதற்கு ஏற்றாற்போல் மிச்சம் விழும்படியே சமைப்பார்கள். இருபது வருடமாகக் கமிட்டி நடத்துகிறவளின் பானை, வரிசை முடிவதற்குள் அடி தெரியக் காலி.

அவள் திரும்பிக் கீழே வந்தாள். லவோனைப் பிடித்தாள்.

"பேச்சு நடக்கும்போது ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

"ஒண்ணுமில்லையே. சிங்க்ல கிரைண்டர் ஓடிச்சு. பலகையை ஆல்டன் கையில குடுக்கற நேரம் பாத்து. எல்லாரும் சிரிச்சாங்க. 'கிரைண்டர்கூட கை தட்டுது'ன்னான் என் புருஷன். அவனுக்கு அவ்வளவுதான் வரும்."

"யார் ஓட்டினது?"

"நான் இல்ல. நான் சிரிச்சிட்டிருந்தேன்."

---

3.10.

தேவாலயத்துக்குப் பின்புறம் அக்டோபர் காற்று தூசியாக வீசியது. கிரெட்டா ஒரு தார்ப்பாயை விரித்து, குப்பை மூட்டைகளைக் கொட்டினாள். ஸ்லோ குக்கர் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். பீன்ஸ். மீட்பால். ஆப்பிள் சாறு. மக்காச்சோளம். ஒவ்வொரு பையிலும் சமைத்தது ஒட்டியிருந்தது.

எண்ணினாள். பதினான்கு.

பானைகள் பதினான்கு. வெர்லா பை போடவில்லை. பதின்மூன்று இருக்க வேண்டும். ஆர்டிஸ் இரட்டைப் பை போட்டதாக லவோன் சொன்னாள். கணக்குச் சரிதான்.

சரியான கணக்கை அவள் மறுபடி பார்த்தாள். ஹாம் ஒட்டிய பை ஒன்று. அதன் வெளிப்பை எது?

ஒவ்வொரு பையாக உள்ளே விரல் விட்டு விரித்தாள். உள்ளே எதுவும் படாத பை ஒன்றுகூட இல்லை. பதினான்காவது பை மட்டும் வழித்தெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் அதன் மடிப்புகளுக்குள் மஞ்சளாக ஒரு பூச்சு இருந்தது. சீஸ். நூல் நூலாக உருளைக்கிழங்கு.

அவள் சோதனைப் பட்டையைப் பிரித்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் குந்தியிருந்தாள்.

இரண்டு கோடுகள்.

அப்போதுதான் தட்டில் தன்னை உறுத்தியது எதுவென்று அவளுக்குப் புரிந்தது.

---

3.50.

சமையலறையில் கிரெட்டாவைத் தவிர நான்கு பேர் இருந்தார்கள். ஷெரிஃப் கதவருகில் கார்ச் சாவியோடு நின்றார். வெர்லா, ஆர்டிஸ், லவோன். கிரெட்டா தட்டை நடுமேசையில் வைத்தாள். பக்கத்தில் வெர்லாவின் பானை. அதற்கடுத்து ஆர்டிஸின் நீள்வட்டப் பானை.

"இந்தத் துண்டோட ஓரத்தைப் பாருங்க. பொன்னிறமா இருக்கு. ஆனா பொறுக்கு இல்ல. சின்னச் சின்னதா மடிப்பு. பாவாடைக் கொசுவம் மாதிரி. பானைக்குள்ள பை சுருங்கின இடமெல்லாம் கிழங்குல பதிஞ்சிருக்கு."

"வெர்லாதான் பை போடலையே" என்றாள் லவோன்.

"போடல. அடியில வளையம் இன்னும் இருக்கு. அதனால இது வெர்லாவோட கிழங்கு இல்ல."

வெர்லா தலைநிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு. இந்தத் துண்டுக்கு ரெண்டு பக்கம் ஓரம் இருக்கு. ஒண்ணு வளைஞ்சு, பொன்னிறமா. ஒண்ணு நேரா, வெளுத்துப்போய். ரெண்டும் ஒரு முனையில சேருது. இது மூலைத்துண்டு." கிரெட்டா வெர்லாவின் பானையை ஷெரிஃப் பக்கம் சாய்த்துக் காட்டினாள். "வட்டப் பானைக்கு மூலை எங்க இருக்கு சார்?"

ஷெரிஃப் சாவியைப் பைக்குள் போட்டார். "சரி, எந்தப் பானைக்கு இருக்கு?"

"எதுக்கும் இல்ல. ஆனா ஒரு பானைக்குள்ள ரெண்டு பையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா மூலை வரும். ஒரு பாதியில ஒரு சமையல், மறு பாதியில வேற. வெளிப்பக்கம் பானைச் சூட்டுல சிவக்கும். நடுப்பக்கம் இன்னொரு பை மேல சாய்ஞ்சு வெளுத்தே இருக்கும்." அவள் ஆர்டிஸைப் பார்க்கவில்லை. நீள்வட்டப் பானையைத்தான் பார்த்தாள். "பாதிப் பானைதான் ஹாம். அதனாலதான் தீர்ந்துபோச்சு. பேச்சு நடக்கும்போது வெர்லா வெச்ச கிழங்கை எடுத்துட்டு இந்தக் கிழங்கைத் தட்டுல வெச்சாங்க. மிச்சம் கிரைண்டருக்குப் போச்சு. காலிப் பையை உருவ முடியல, சூடான ஹாம் மூட்டை அது மேல சரிஞ்சுடுச்சு. அப்புறமா எடுத்துக்கலாம்னு நினைச்சாங்க. லவோன் விடல."

"ரெட்டைப் பை போட்டேன்" என்றாள் ஆர்டிஸ் அமைதியாக. "ஒண்ணுக்குள்ள ஒண்ணு. போன தடவை ஒழுகிச்சு."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டா வெளிப்பையோட உள்பக்கம் சுத்தமா இருக்கும். பதினாலு பையையும் பாத்தேன். சுத்தமானது ஒண்ணுகூட இல்ல. ஒண்ணுல உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் இருக்கு."

லவோன் ஏப்ரன் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்கு ஓரத்துண்டுதான் பிடிக்கும்" என்றாள் ஆர்டிஸ் கடைசியில். "நடுத்துண்டை வெச்சா வெர்லா போட்டதில்லன்னு கண்டுபிடிச்சுடுவாரோன்னு நினைச்சேன்."

"ஆர்டிஸ்" என்றாள் வெர்லா. "நீயா?"

"உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன் இல்ல, கடைசி நாள் நீ தூங்கிட்டிருந்த. எப்பவும் போல பாத்திரத்தை கராஜ்ல ஃப்ரீசர் மேல வெச்சேன். பக்கத்து ஆணியில தொங்குச்சு. கிடங்கோட வார். நம்பர் நாலு."

வெர்லா கண்களை மூடிக்கொண்டாள்.

"விசாரணையில அவர் என்ன சொன்னார்? நாலாம் நம்பர் வார் சுவத்துலதான் தொங்குச்சு, பையன் மாட்டிக்கலைன்னார். ஒரு தாய் நான், மூணு வருஷமா என் புள்ளையைத் திட்டிட்டிருந்தேன். ஏண்டா மாட்டிக்கலைன்னு. கல்லறையில போய்த் திட்டினேன்." அவள் குரல் உயரவில்லை. "அப்புறம் இந்தப் பலகை. பாதுகாப்பான பணி. விருந்துக்கு நான்தான் மேசை போடணும். பூ வைக்கணும்."

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றாள் வெர்லா.

"நீ சொல்லியிருக்கலாமே. உனக்குத் தெரியும்தானே?"

குழாய் சொட்டியது. லவோன் எழுந்து அதை இறுக்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

"தெரியும்" என்றாள் வெர்லா. "மான் வேட்டைக்கு மரம் ஏற எடுத்துட்டு வந்தார். திங்கக்கிழமை கொண்டுபோய் மாட்டிடறேன்னார். சனிக்கிழமை கோரி உள்ள இறங்கிட்டான்."

ஆர்டிஸ் ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள். "கோரிக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சாம். மூச்சு வராம இருக்கறது எப்படின்னு அவர் தெரிஞ்சுக்கட்டும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல. உன் தலையில விழும்னு நினைக்கல வெர்லா. அதை நினைச்சிருக்கணும்."

ஷெரிஃப் கதவைத் திறந்துவிட்டார். போகும்போது அவள் லவோனிடம் மட்டும் சொன்னாள். "காபிப் பானையில அடி பிடிச்சிருக்கு. ஊற வெச்சுடு."

---

4.40.

ருஸ்டாட் வீட்டு கராஜ் குளிர்ந்திருந்தது. வெர்லா விளக்கைப் போட்டாள். ஆணியில் மஞ்சள் வார் தொங்கியது. கொக்கியில் நான்கு என்று அச்சிட்டிருந்தது. கிரெட்டாவிடம் சான்றுப் பொருள் வைக்கும் பை மிச்சமில்லை. இருந்த எல்லாவற்றையும் குப்பையில் எடுத்தவற்றுக்கே பயன்படுத்திவிட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் வெர்லா.

ஃப்ரீசர் மேல் ஒரு கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. கழுவித் துடைத்தது. அடியில் ஒட்டிய நாடாவில் ஆர்டிஸின் பெயர். ஒரு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. இந்த ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

வெர்லா வாரை ஆணியிலிருந்து எடுத்தாள். மூன்று வருடத் தூசியை உதறாமல், மெதுவாகச் சுருட்டி, அந்தப் பாத்திரத்துக்குள் வைத்தாள். கொக்கி கண்ணாடியில் இடித்துச் சத்தம் எழுப்பியது.

இரண்டு கைகளாலும் அதை எடுத்து கிரெட்டாவிடம் நீட்டினாள்.

"இதை அவகிட்ட சேத்துடு."